வெள்ளை சூட் போட்ட எம்.பி.

அன்புள்ள ஐயா,

போர்முனை நிருபர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பிபிசியின் மார்ட்டின் பெல் ஒரு வரியில் வந்து போகிறார். ‘பிறகு எம்.பி. ஆகிக் காணாமல் போனார்’ என்று முடித்துவிட்டீர்கள். நான் 14 வருடமாக மாவட்டச் செய்தியாளன். பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் வாங்காத ஆள் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நில் என்று நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். பெல் உண்மையிலேயே காணாமல்தான் போனாரா? கேள்வி கேட்டே பழகியவன் சபைக்குள் போனால் என்ன ஆவான்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரி என் சோம்பேறித்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

பெல் 1962-ல் பிபிசியில் சேர்ந்தவர். அப்பா ஏட்ரியன் பெல் எழுத்தாளர், ‘தி டைம்ஸ்’ நாளிதழின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை அமைத்தவர். மகனோ வியட்நாம், மேற்காசியா, அங்கோலா என்று குண்டு விழும் இடமாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். 1992-ல் போஸ்னியாவின் சரயேவோவில் கேமரா முன் நின்றுகொண்டிருந்தபோதே குண்டுச் சிதறல் பாய்ந்து காயப்பட்டார். வெள்ளை சூட் அவருக்கு ராசி. யுத்தகளத்திலும் அதைத்தான் போட்டுக்கொண்டார். துப்பாக்கியோடு குறி பார்ப்பவனுக்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஆள் தப்பித்துக்கொண்டே இருந்தார்.

இனி டாட்டன். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இருக்கும் தொகுதி, கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. அங்கே எம்.பி.யாக இருந்தவர் நீல் ஹாமில்டன். பணம் வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார் என்று 1994-ல் ‘கார்டியன்’ குற்றம் சாட்டியது. ஹாரட்ஸ் கடை முதலாளி முகமது அல் ஃபாயத் ‘பணம் கொடுத்தது நான்தான்’ என்றார். ஹாமில்டன் மறுத்தார். கட்சியும் 1997-ல் அவரையே திரும்ப நிறுத்தியது. கேள்வியை விற்றார் என்று சொல்லப்பட்டவரை எதிர்த்து நிற்க, கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் பிபிசி வேலையை விட்டுவிட்டு வந்தார். தேர்தலுக்கு 24 நாள்தான் மிச்சம்.

நட்ஸ்ஃபோர்டு ஊர்த் திடலில் பெல் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டினும் நேராக அங்கேயே வந்துவிட்டார்கள். என் கணவர் குற்றவாளி என்று நிரூபணமாகும்வரை நிரபராதிதானே, ஒப்புக்கொள்கிறீர்களா என்று அந்த அம்மா மடக்கினார். பெல் திணறிப்போனார். முப்பது வருடத்துக்கு மேல் மைக்கை அடுத்தவர் முகத்துக்கு நேராக நீட்டியவர். அது தன் பக்கம் திரும்பியதும் பேச்சு வரவில்லை. நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் காட்சியைத்தான்.

ஆனாலும் ஜெயித்தார். 29,354 ஓட்டு, 11,077 வித்தியாசம். இங்கேதான் உங்கள் நண்பர்கள் சொல்லாமல் விடும் ஒரு சங்கதி இருக்கிறது. லேபர், லிபரல் டெமாக்ரட் இரண்டு கட்சிகளும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டு வழி விட்டன. தொண்டர்களும் வேலை செய்தார்கள். நேர்மையான ஆள் தனியாக நின்று கோட்டையைத் தகர்த்த கதை என்று இதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் இரண்டு பெரிய கட்சிகள் உங்களுக்காக ஒதுங்கி நிற்குமா? வாக்குப்பதிவு இயந்திரத்தில் கடைசி வரிசைகளில் தெரியாத சின்னங்களோடு நிற்கிறார்களே, அந்தக் கூட்டத்தில்தான் உங்கள் பெயரும் வரும்.

சரி, உள்ளே போய் என்ன செய்தார்? ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். விளையாட்டில் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்வோம் என்று சொல்லி வந்த லேபர் அரசு, 1997 நவம்பரில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கப் பார்த்தது. பந்தயத்தின் அதிபதி பெர்னி எக்லஸ்டன் அந்தத் தேர்தலுக்கு முன்பே கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்திருந்தது வெளியே வந்தது. பெல் எழுந்து பிரதமர் டோனி பிளேரிடமே அதைப் பற்றிக் கேட்டார். தப்பு நடந்ததோ இல்லையோ, நடந்தது போலத் தெரிவதே கெடுதல்தானே என்ற மாதிரியான கேள்வி. ஆறு மாதம் முன்பு தனக்கு வழி விட்ட கட்சியின் தலைவர் அவர். நன்றிக்கடன் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கட்சி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பெல்லின் தேர்தல் நேர வக்கீல் செலவை லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் ஏற்றிருந்த விஷயம் பேச்சானதும், அதைத் தன் கையிலிருந்தே கட்டிவிட்டார்.

நிருபர் புத்தி சபையில் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அது அங்கே நன்றாகவே வேலை செய்தது. மற்றபடி கொறடா இல்லாத எம்.பி. வாழ்க்கை தனிமைதான். எந்த மசோதாவுக்கும் கையைத் தூக்கு என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றையும் தானே படித்துத் தானே முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரே ஒரு தவணைதான், அதற்கு மேல் டாட்டனில் நிற்க மாட்டேன் என்று பிரச்சாரத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பதவி ஆசை இல்லை என்று காட்டும் அவசரம். கேட்க நன்றாக இருந்தது. நான்கு வருடத்தில் சபையின் சுழிவு நெளிவுகள் பிடிபட்ட நேரத்தில் வாக்கு வந்து கழுத்தைப் பிடித்தது. 2001-ல் எஸ்ஸெக்ஸில் பிரென்ட்வுட் அண்ட் ஓங்கர் தொகுதிக்குப் போய் நின்றார். இந்த முறை யாரும் ஒதுங்கவில்லை. எரிக் பிக்கிள்ஸிடம் 2,821 ஓட்டில் தோற்றார். டாட்டன் பழையபடி கன்சர்வேட்டிவ்களிடம் போனது. அங்கே ஜெயித்த இளைஞர் பெயர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பிற்பாடு நிதியமைச்சர். பெல் 2004-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் நின்று பார்த்தார், கிடைக்கவில்லை. இதற்கிடையே யுனிசெஃப் தூதராகப் பழைய யுத்த பூமிகளுக்கே திரும்பினார். ஆக, அவர் காணாமல் போகவில்லை. போன வழியிலேயே திரும்பி வந்தார்.

நிற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. டெபாசிட் பணம் உங்களுடையது. நின்றால், கவர் வாங்காதவன் என்பதை மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்காதீர்கள். அந்த ஊர் தண்ணீருக்கும் பட்டாவுக்கும் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள், பதினாலு வருடமாக அதைத்தானே எழுதி வருகிறீர்கள். ஒரே ஒரு தடவைதான் நிற்பேன் என்று மட்டும் மேடையில் சொல்லிவிட வேண்டாம்.