தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஹீட் நின்றுவிடுமா?

கூலன்ட் இரண்டு முறை மாற்றியும் கார் ஹீட் ஆகிறது, தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கூலன்ட் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்பும் வால்வுதான் தெர்மோஸ்டாட்.

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பழைய வண்டிகளில் கழற்றி ஓட்டியிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் பல கார்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். மேடு ஏறும்போது ஹீட் கூடத்தான் செய்யும். சந்தேகமென்றால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, எப்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்பதை. சிக்னலில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் கோளாறு. ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, கனெக்டர், கடைசியில் மோட்டார். ஏசிக்கு மட்டும் சுற்றி, ஹீட்டுக்குச் சுற்றாவிட்டால் சென்சாரைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு. போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உப்புப் படிந்து டியூப்கள் மூடிவிடுகின்றன. கசிவுக்கு மஞ்சள்தூள் போடுகிறார்களே, அந்தப் பழக்கத்தை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. ஓட்டையோடு சேர்த்து, காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரையும் அது அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. 0.9 அல்லது 1.1 பார் என்று அதில் எழுதியிருக்கும். 1 பார் அழுத்தம் நின்றால் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடி அந்த அழுத்தத்தைத் தாங்காது.

உங்களுக்கு இரண்டு முறை கூலன்ட் மாற்றியதால் ஏர் லாக்கும், அதாவது உள்ளே காற்று சிக்கியும், இருக்கலாம். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைவு அல்லது ஏர் லாக். இன்ஜின் முழுக்க ஆறியபின் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலிங்கில் விடுங்கள். குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிற்கவே இல்லையென்றால், அல்லது காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கூலன்ட்டில் இன்ஜின் புகை கலக்கிறதா என்று காட்டும் பிளாக் டெஸ்டரை வைத்து அந்த நீலத் திரவம் மஞ்சளாகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அதுவரை ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.