ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு எல்லா இடத்திலும் ஒரே கியர் ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஓடும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் எல்லாவற்றுக்கும் 140 ஆயிலே ஊற்றிவிடலாம், சத்தமும் அடங்கும் என்கிறார் மெக்கானிக். சரியா?

சரியில்லை. அவர் லாரி வேலை பார்த்துப் பழகியவராக இருப்பார். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் இழுக்கும் வண்டிகளின் பின் கிரவுனுக்கு 140 ஊற்றுவது சகஜம், அதற்குக் காரணமும் உண்டு. உங்கள் ஜீப்பில் இருப்பது நான்கு தனித்தனிக் கூடுகள். ஒவ்வொன்றிலும் பல் உரசும் விதம் வேறு.

முதலில் கிரவுன், அதாவது ஆக்சில் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் கூடு. அதில் பினியன் என்ற சின்னப் பல் சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இதுதான் ஹைபாய்டு அமைப்பு. பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல், பெரும் அழுத்தத்தில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே போகும். அங்கே வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து ஒரு தோல் போலப் படிய வேண்டும். அது தேவையான அளவு இருப்பது ஜி.எல்-5 என்ற தரப் பிரிவு ஆயிலில். ஜி.எல்-4-இல் ஏறத்தாழப் பாதிதான். கிரவுனில் ஜி.எல்-4 ஊற்றினால் பல் முகத்தில் கோடு விழும், பிறகு ஊளைச் சத்தம் வரும்.

அதே ஜி.எல்-5-ஐ கியர் பாக்ஸில் ஊற்றினால் கதை தலைகீழ். கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ ரிங் பித்தளை. இரும்பைக் காக்கும் அதே கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். ஆயில் வழுக்கலாக இருப்பதால் ரிங்குக்குப் பிடிமானமும் குறைந்து, இரண்டாவது கியர் போடும்போது கரகரக்கும். கழற்றிய ஆயிலில் பொன் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் தேய்வது சின்க்ரோதான். மேனுவல் வேறு சொல்லாதவரை கியர் பாக்ஸுக்கு ஜி.எல்-4, 80டபிள்யூ-90.

முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பல்லோடு பல் சேரும் பழைய வகைக்கு, கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலே பெரும்பாலும் பொருந்தும். செயின் உள்ள வகையில் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சிவப்பு ஏ.டி.எஃப் கேட்பார்கள். அதில் 90 ஊற்றுவது தவறு. பழைய ஜீப்களில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டி உட்கார்ந்திருக்கும், நடுவில் இருப்பது ஒரே ஆயில் சீல். அது போனால் ஒரு பக்கம் அளவு குறையும், மறுபக்கம் கூடும். குறைந்த பக்கம் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை, சீல் மாற்ற வேண்டும்.

இனி எண்கள். 80டபிள்யூ என்பது குளிரில் ஓடும் தன்மை. மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில், 75-ஆ 80-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வரும் 90 என்பது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. எஞ்சின் ஆயில் கணக்கில் அது 40, 50-க்குப் பக்கம்தான். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு என்பதால் 90 என்றதும் கூழ் மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 140 உண்மையிலேயே கெட்டி. தேய்ந்த பினியனின் சத்தத்தை அது அமுக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேருவதும் தாமதமாகும். பின் கிரவுனில் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் அதற்கான சேர்மானம் உள்ள ஆயில்தான். இல்லாவிட்டால் திருப்பத்தில் உதறும்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும், வடசென்னையில் ஆயிலைக் கெடுப்பது தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி, கொடுங்கையூர் தெருக்கள், ஒரு கன மழை போதும், ஆக்சில் முங்கிவிடும். ஓடிச் சூடான கூடு சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். கூட்டுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளையான பிரீதரில் மண் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவும், அடைக்காமல் தண்ணீருக்குள் இருந்தால் பிரீதர் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். விலை கூடிய சிந்தெட்டிக் ஆயிலுக்குக் கொடுக்கும் காசில் பாதியை, பிரீதருக்கு ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோகச் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

தண்ணீரில் இறங்கிய வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்துங்கள். காலையில் டிரெய்ன் நட்டை லேசாகத் தளர்த்தினால், அடியில் இறங்கிய தண்ணீர் முதலில் சொட்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். மண்ணெண்ணெய், டீசல் விட்டுக் கழுவாதீர்கள். உள்ளே தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதே கிரேடில் மலிவான ஆயில் ஊற்றி பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள்.

மாற்றும்போது ஃபில்லர் நட்டை முதலில் கழற்றுங்கள். டிரெய்னைத் திறந்து ஆயிலெல்லாம் போன பிறகு ஃபில்லர் துருப்பிடித்து வராவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். சமதரையில், கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பின் இறக்குங்கள். நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருப்பது சாதாரணம், கையில் குத்தும் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ போகிறது. ஃபில்லர் துளையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் போதும், அதற்கு மேல் திணித்தால் சீல் வழியாகக் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போகும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

முன் கிரவுனை மறந்துவிடாதீர்கள். ஃபோர் வீல் போடுவதே இல்லை, அதற்கு எதற்கு ஆயில் என்பார்கள். அதில் சுமை ஏறாமல் இருந்தாலும் தண்ணீர் பின் கிரவுனில் நுழையும் அதே அளவுக்கு அதிலும் நுழையும். சுமை இல்லாததால் நன்றாகச் சூடாகி அது ஆவியாகவும் வழியில்லை, உள்ளேயே துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை மண் தரையிலோ மணலிலோ ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். முன் பின் சக்கரங்கள் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கேறி, லீவரை வெளியே எடுக்கவே முடியாதபடி இறுகிவிடும்.