கேட்டதை மூளை எப்படி நம்புகிறது, எப்படி மறுக்கிறது?

ஒரு கூற்றை உண்மை என்று ஏற்பது நம்பிக்கை, பொய் என்று தள்ளுவது அவநம்பிக்கை. 'இதில் சந்தேகமே இல்லை' என்கிற உணர்வு உறுதி.

ஏற்பதும் தள்ளுவதும் சமமான வேலைகள் போலத் தோன்றும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளும்போதே மூளை அதைத் தற்காலிகமாக ஏற்றுவிடுகிறது, மறுப்பது அப்புறம் வரும் தனி வேலை என்கிறார் உளவியலாளர் டேனியல் கில்பர்ட். (17ஆம் நூற்றாண்டிலேயே தத்துவ அறிஞர் ஸ்பினோசா சொன்னதுதான்.) 1990இல் அவர் குழு நடத்திய சோதனையில், வாக்கியங்களைப் படித்தவர்களின் கவனத்தை இடையில் கலைத்தார்கள். பொய் என்று சொல்லப்பட்டவற்றையே பலர் பிறகு உண்மை என்று நினைவுகூர்ந்தார்கள். உண்மையானவற்றைப் பொய் என்று நினைவுகூர்வது அப்படி அதிகரிக்கவில்லை. எல்லாச் சூழலுக்கும் இது பொருந்தாது என்று காட்டிய பிற்கால ஆய்வுகளும் உண்டு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் முதலில் உட்கார்ந்துவிடுவார்; 'யார் வீட்டு ஆள்?' என்ற விசாரணை பிறகுதான். விசாரிக்க வேண்டியவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால், அழையாத ஆளும் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுப் போவார். களைப்பிலும் அவசரத்திலும் வதந்தி மனதில் தங்குவது இப்படித்தான்.

உறுதி வேறு கதை. திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியை மூளை சிரமமில்லாமல் கையாள்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 1977இலேயே ஆய்வில் பதிவான விளைவு இது.

'இவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறதே, ஆராய்ந்துதான் நம்பியிருப்பேன்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: எதையும் சரிபார்க்காமலே அந்த உணர்வு வரும்.