பதில்: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டியதிலிருந்து ரீங்காரம்

வணக்கம். இரண்டாவது 7200 ஆர்பிஎம் டிஸ்க் மாட்டியதிலிருந்து கேபினெட் ‘ம்ம்ம்’ என்று ஏறி இறங்கி ரீங்கரிக்கிறது, டிஸ்க் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பழுது போலத் தெரியவில்லை. 7200 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று. இரண்டின் வேகமும் இம்மியளவு வேறுபட்டாலே அதிர்வுகள் ஒரு நேரம் சேர்ந்து பெருகும், அடுத்த நேரம் ஒன்றையொன்று அடக்கிவிடும். அதுதான் அந்த ஏற்ற இறக்கம்.

சத்தம் வரும்போது பக்கவாட்டு மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அடங்கினால் தகரம்தான் அதிர்கிறது. கணினியை அணைத்துவிட்டு, டிஸ்க்குகளை எட்ட எட்ட மாட்டுங்கள். அப்புறம் டிஸ்க்குக்கும் அதை மாட்டும் கூண்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர். நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டித்தான் போட்டேன், நன்றாகவே அடங்கியது. ஸ்க்ரூவை ரப்பர் நசுங்கும் அளவு முறுக்காதீர்கள், நசுங்கினால் அதிர்வு அப்படியே கடந்துவிடும். டிஸ்க் மூடியில் சிறு காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்க வேண்டாம். ஸ்பாஞ்சில் முழுக்கச் சுற்றவும் வேண்டாம், சூடேறிவிடும்.

‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது முதல் வேலையாகக் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.