வேலை விஷயமாக இங்கிலாந்து போகிறேன். மது அருந்தாத பெண், மாலையில் அங்குள்ள கிராமத்து பப்புக்குத் தனியாகப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நானும் குடிப்பதில்லை. மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் போயிருக்கிறேன்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். ஒரு ஜூன் மாதம் டார்பி நகருக்கு அனுப்பினார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும். இருட்டவோ பத்து மணி ஆகும். முதல் நான்கு நாள் ஓட்டல் அறையில் உப்புமா பாக்கெட்டில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், கூட வேலை பார்த்த ஒரு அக்கா, "எங்க ஊர் பப்புல சாப்பிடலாம், வா" என்று காரில் அழைத்துப் போனார். ஆஷ்போர்ன் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் சின்ன கிராமம்.

பார் என்றால் நமக்கு டாஸ்மாக் பார்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தோடுதான் படியேறினேன். உள்ளே ஒரு பாட்டி பேத்திக்குச் சிப்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் நாய் ஒன்று தூங்கியது. புகை நெடியே இல்லை. 2007 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. பப்பை நடத்தும் அம்மா, அவரை லேண்ட்லேடி என்பார்கள், "என்ன வேணும், மி டக்?" என்றார். டார்பிஷயரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம்ம கொங்கு நாட்டுக் 'கண்ணு' மாதிரி. எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

குடிக்காதவர்கள் "லைம் அண்ட் சோடா" கேளுங்கள். விலையும் குறைவு, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய் நாமே சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். உங்களை முதலில் கேட்டாலும் "இவர் எனக்கு முன்னாடி வந்தார்" என்று சொல்லிவிடுங்கள். கூட வந்தவர்கள் மாறி மாறி எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். நீங்கள் சோடாதான் குடித்தாலும் ஒரு முறை உங்கள் முறை. ஆபீஸில் மது பில் எடுக்கமாட்டார்கள் என்றால் சாப்பாட்டுக்குத் தனி பில் கேட்டு வாங்குங்கள்.

என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்தது கவுன்ட்டரில் இருந்த கைப்பம்பு. அதற்குப் பெயரே பியர் எஞ்சின். ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடித்த ஜோசப் பிராமா 1797இல் இப்படி ஒரு பம்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பிடியை இழுத்தால் பிஸ்டன் மேலேறி, நிலவறைப் பீப்பாயிலிருந்து பியரை உறிஞ்சி எடுக்கும். இரண்டு இழுப்பில் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி. பம்ப் டிசைன் செய்கிறேன் என்று சொன்னதும் லேண்ட்லேடி நிலவறைக்கே கூட்டிப்போனார். 12 டிகிரி குளிர். ஒன்பது காலன் பீப்பாய்கள் படுத்திருந்தன. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். மேல் துளையில் நுண்துளையுள்ள மரமுளையைச் செருகினால் வாயு மெல்ல வெளியேறும், போதுமானபோது கெட்டிமுளையைச் செருகி அடைத்துவிடுவார்கள். திறந்த பீப்பாயை மூன்று நாளில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். கூட்டம் வராத கிராமத்தில் இது எவ்வளவு பெரிய கவலை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. இப்படிப்பட்ட பப்புகள் நிறைய மூடப்பட்டுவிட்டன. சில ஊர்களில் மக்களே பங்கு போட்டு வாங்கி நடத்துகிறார்கள். ஓட்டல் அறையில் பாக்கெட் பிரிப்பதை விட அங்கே போய்ச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

உங்களோடு வருபவர் பியர் குடிப்பவர், ஆனால் சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுபவர் என்றால் ஒன்று சொல்லுங்கள்: பீப்பாய் பியரைத் தெளியவைக்கப் பல இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். சைவச் சாப்பாடு பரவாயில்லை. சீஸும் வெங்காயமும் வைத்த பன் (அங்கே அதற்குக் 'காப்' என்று பெயர்) எனக்குப் பல நாள் இரவுச் சாப்பாடு.

தனியாக உட்கார்ந்தால் பேச்சுக் கொடுப்பார்களா? கவுன்ட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தால் கொடுப்பார்கள். வேண்டாமென்றால் புத்தகத்தோடு ஜன்னல் மேசைக்குப் போய்விடுங்கள், தொந்தரவு செய்யமாட்டார்கள். இந்தியா என்றதும் ஒரு பெரியவர், பக்கத்து ஊரான பர்ட்டனின் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம் என்றும், 1820களிலிருந்து அங்கே காய்ச்சிய பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியர் கப்பலேறி எங்கள் நாட்டுக்கு வந்தது என்றும் அரைமணி நேரம் சொன்னார். ஆசையாகக் கேட்டேன்.

முதல் தடவை உடன் வேலை செய்பவர் யாருடனாவது போங்கள். திங்கள் முதல் வியாழன் வரை நல்லது. வெள்ளி இரவு நகர மையத்து பார்கள் வேறு மாதிரி, அங்கே தனியாகப் போகச் சொல்லமாட்டேன். எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள், அதற்குள் சாப்பாடு சொல்லிவிடுங்கள். கிராமத்துப் பேருந்துகள் சீக்கிரமே நின்றுவிடும். திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.