அன்னிலீஸ் என்றும் தேடுங்கள்

கேள்வி: பெண் ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள் பற்றிக் கல்லூரிக்குக் கட்டுரை எழுதுகிறேன். இணையத்தில் எப்படித் தேடினாலும் ஃபிரிடா காலோ, அம்ரிதா ஷெர்கில் என்று அதே நாலைந்து பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எங்கே தேடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'பெண் ஓவியர்' என்று பொதுவாகத் தேடினால் புகழ்பெற்றவர்கள்தான் வருவார்கள். முதலில் பெயர்களைத் திரட்டுங்கள். அதற்கு 'அவேர்' (AWARE) தளம் நல்ல தொடக்கம். 2014-இல் பாரிஸில் காமில் மோரினோ நிறுவிய அமைப்பு அது. பெண் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இலவசமாகப் படிக்கலாம்.

பெயர் கிடைத்த கையோடு அருங்காட்சியகத் தளத்துக்குப் போய்விடாதீர்கள். அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனம் நடத்தும் 'யூலான்' (ULAN) கலைஞர் பெயர்ப் பட்டியலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆள் எந்தெந்தப் பெயர்களில் பதிவாகியிருக்கிறார் என்று அது காட்டும். பெண்கள் பெரும்பாலும் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான். ஜெர்மனியின் பாவ்ஹாஸ் வடிவமைப்புப் பள்ளியின் நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ், 1925-இல் திருமணம் ஆகும்வரை அன்னிலீஸ் ஃப்ளைஷ்மன். அதே பள்ளியின் குன்ட்டா ஷ்டோல்ட்ஸ்ல் பெயரோடு பிறகு ஷரோன் என்பதும் சேர்ந்தது. அவர் பெயரின் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் 'ஓ' (o) எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி உண்டு. புள்ளியோடு ஒருமுறை, புள்ளியில்லாமல் ஒருமுறை, 'ஓ'வுக்குப் பின் 'ஈ' (e) சேர்த்து ஒருமுறை தேடுங்கள்.

வேறொருவர் பெயருக்குள் மறைந்தவர்களும் உண்டு. டச்சு ஓவியர் யூடித் லைஸ்டரின் படைப்பு ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகக் கைமாறியது. நட்சத்திரம் சேர்ந்த லைஸ்டரின் சுருக்கக் கையொப்பத்தைக் கொண்டு 1893-இல் கலை வரலாற்றாளர் ஹோஃப்ஸ்டேட டி க்ரூட் உண்மையை நிலைநாட்டினார். டச்சு ஓவியங்களுக்கு ஹேக் நகரின் ஆர்.கே.டி. தரவுத்தளத்தைப் பாருங்கள், ஓர் ஓவியம் முன்பு யார் பெயரில் இருந்தது என்பதும் அங்கே பதிவாகிறது.

கேள்வி: ஓர் அருங்காட்சியகத்தில் பெண்களின் படைப்புகள் எத்தனை என்று நாமே எண்ண முடியுமா?

பதில்: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் படைப்புப் பட்டியலை ஒரே கோப்பாகத் தருகிறது. நாலு லட்சத்துக்கும் அதிகமான வரிகள். கைபேசியில் திறக்காதீர்கள், கணினி வேண்டும். அதில் கலைஞரின் பாலினத்துக்கு ஒரு நெடுவரிசை இருக்கிறது. பெண் என்றால்தான் அதை நிரப்பியிருக்கிறார்கள். காலியாக இருப்பதெல்லாம் ஆண் என்று எண்ணினால் கணக்கு தப்பு. பெயர் தெரியாத கைவினைஞர்களும் அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறார்கள். இன்னொன்று, இருவர் சேர்ந்து செய்த பொருளில் விவரங்கள் செங்குத்துக் கோட்டால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டத்தில் இருக்கும். வடிகட்டும்போது 'சமம்' என்று கொடுத்தால் இரண்டாவதாக வரும் பெண் விடுபட்டுப்போவார். 'உள்ளடங்கியது' என்று கொடுங்கள்.

கேள்வி: படங்களைக் கல்லூரி மலரில் அச்சிடலாமா?

பதில்: இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஷெர்கில் மறைந்தது 1941. 2001 முடிவோடு உரிமை தீர்ந்தது. நஸ்ரீன் முகமதி 1990-இல் மறைந்தவர், ஆகவே 2050 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும். மெட்ரோபாலிட்டன் தளத்தில் 'பொதுக்களம்' (பப்ளிக் டொமைன்) என்று குறித்த படங்களுக்கு அனுமதி தேவையில்லை. திரைப்பிடிப்பு எடுக்காமல் பதிவிறக்கப் பொத்தானை அழுத்துங்கள்; அச்சுக்கு ஏற்ற பெரிய கோப்பு அதில்தான் கிடைக்கும்.