ஜெர்மன் தெரியாமல், ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெர்லினில் வேலை வாங்க முடியுமா?

கேட்டவருக்கு வயது 29. பி.காம். படித்துவிட்டு கணக்குத் துறையில் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறார். ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது, வேலை தேட ஜெர்மனி தரும் ஆப்பர்ச்சூனிட்டி கார்டு என்ற அனுமதியில் வரலாமா என்று யோசிக்கிறார். ஏறக்குறைய இதே மூட்டையோடுதான் நானும் 2019 பிப்ரவரியில் சென்னையிலிருந்து இங்கே வந்து இறங்கினேன். ஒரு வித்தியாசம் உண்டு. என் கணவரிடம் ப்ளூ கார்டு, அதாவது பட்டதாரிகளுக்கான வேலை விசா, இருந்தது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவியிடம் ஜெர்மன் தேர்வுச் சான்றிதழ் கேட்பதில்லை, எந்த வேலைக்கும் போக அனுமதியும் உண்டு. விசா கெடு என் கழுத்தை நெரிக்கவில்லை, வாடகையும் என் தலையில் இல்லை. அப்படி இருந்தும் முதல் வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முடியும். ஆனால் "பெர்லினில் எல்லாரும் இங்கிலீஷ்தான்" என்று யூடியூபில் சொல்பவர்களை நம்பி வராதீர்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. நொய்க்கோல்ன், கிராய்ஸ்பெர்க் பக்கம் போனால் காபி கொண்டு வருபவருக்கே ஜெர்மன் தெரியாது. 2017இல் யென்ஸ் ஷ்பான் என்ற அரசியல்வாதி இதைச் சொல்லிப் பேட்டியில் எரிச்சல்பட்டது பெரிய செய்தியாகவே ஆனது. காபிக் கடையின் மொழியைப் பார்த்து அலுவலகத்தின் மொழியும் அதுதான் என்று நினைத்ததுதான் என் தப்பு.

முதல் நான்கு மாதத்தில் அறுபது விண்ணப்பத்துக்கு மேல் போட்டேன். நான் முதலில் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல் 'லைடர்'. துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். மெயிலைத் திறந்ததும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் மீதியைப் படிக்கத் தேவையில்லை. கடைசி வரியில் உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்து வேறு இருக்கும்.

மே மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசினோம், நன்றாகத்தான் போனது. கடைசியில் என்னைப் பேட்டி எடுத்த அம்மாள் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "இது வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது அதில் இருந்த எண்கள் மட்டும்தான். அது 'மானுங்', அதாவது பணம் கட்டவில்லை என்று வரும் நினைவூட்டல் கடிதம். கெடு தேதி தாண்டினால் வட்டியும் செலவும் சேரும். வேலை போச்சு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மேலாளர் ஆங்கிலம் பேசுகிறாரா என்பது பெரிய விஷயமே இல்லை. மேஜைக்கு வரும் காகிதம் எந்த மொழியில் வருகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும். புரோகிராமர் மேஜைக்கு வருவது கம்ப்யூட்டர் கோடு, அதற்கு நாடு கிடையாது. அதனால்தான் இங்கே ஐடி ஆட்கள் பத்து வருடமானாலும் ரொட்டி வாங்கும் ஜெர்மனோடு ஓட்டிவிடுகிறார்கள். கணக்காளர் மேஜைக்கு வருவது வரி அலுவலகக் கடிதம், உள்ளூர் பில், ஜெர்மன் வணிகச் சட்டமான எச்ஜிபி. போதாக்குறைக்கு டாடேவ் என்று ஒரு மென்பொருள். நம் ஊரில் டேலி எப்படியோ, இங்கே கணக்கு அலுவலகங்களில் டாடேவ் அப்படி.

அதன் பிறகு விளம்பரத்தைப் படிக்கும் முறையை மாற்றினேன். 'ஃபெர்ஹான்ட்லுங்ஸ்ஸிஷர்' என்று கண்ணில் பட்டால் தாண்டிவிடுவேன். பேரம் பேசும் அளவுக்கு ஜெர்மன் வேண்டும் என்பதுதான் அந்த ரயில் நீளச் சொல்லுக்கு அர்த்தம். விளம்பரம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தாலும், செய்ய வேண்டிய வேலைகளில் உள்ளூர் வரித் தாக்கல் இருந்தால் அதையும் விட்டுவிடுவேன். பல நாடுகளுக்கு விற்கும் கம்பெனி, எஸ்ஏபி மென்பொருள், வெளிநாட்டு சப்ளையர், இந்தியாவிலோ போலந்திலோ ஒரு பின்னணி அலுவலகம், இவற்றில் இரண்டு இருந்தாலே போதும், விண்ணப்பிப்பேன். மாதத்துக்கு ஐந்தாறுதான் தேறும். ஆனால் அழைப்பு வர ஆரம்பித்தது.

நவம்பரில் கிடைத்த வேலை அப்படிக் கிடைத்ததுதான். ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனம். இன்வாய்ஸ் பதிவெல்லாம் பெங்களூரில் நடக்கும். இங்கிருந்து அவர்களோடு பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வில் மேலாளர் சங்கடத்தோடு கேட்டார்: "அவர்கள் எதற்கும் முடியாது என்று சொல்வதே இல்லை, முடியாது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?" நான் சொன்னேன், "தேதி கேளுங்கள். தேதி சொன்னால் நடக்கும். 'பண்ணிடலாம்' என்று மட்டும் சொன்னால் நடக்காது." மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பட்டமும் ஆங்கிலமும் செய்யாத வேலையை அந்தப் பதில் செய்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். (அலுவலகத்தில் எல்லாரும் என்னை அப்பா பெயரால்தான் அழைத்தார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தால் வேறு என்ன நடக்கும்? திருமதி அப்பா!)

சரி, உங்கள் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன்காரர்கள் ஷான்சன்கார்ட்டே என்பார்கள், 2024 ஜூனில் வந்தது. நுழைவுக்கு ஜெர்மனில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் பி2 போதும் (மொழித் தேர்வில் ஏ1 தொடக்க நிலை, அதற்கு மேல் ஏ2, பி1, பி2, சி1 என்று போகும்). ஆனால் ஆறு புள்ளி தேற வேண்டும். 35 வயதுக்குள் என்பதால் இரண்டு. கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடம் படிப்புக்கேற்ற அனுபவம் இருந்தால் மூன்று. ஆங்கிலத்தில் சி1 காட்டினால் ஒன்று. ஆறு வந்துவிட்டது! ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமலே கார்டு வாங்கிவிடலாம், அதுதான் ஆபத்தும். கார்டு வேலை தேட ஒரு வருடம் தரும், வேலை தராது.

செலவுக்குப் பணம் காட்ட வேண்டும், 2025 கணக்குப்படி மாதத்துக்கு 1,091 யூரோ. தேடும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் எந்த வேலையும் பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ, போட்டுப் பாருங்கள், பிடித்தத்துக்கு முன் மாதம் 1,200 சொச்சம் வரும். பெர்லினில் ஓர் அறைக்கே பாதி போய்விடும். ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையைக் காட்டி கார்டை நிரந்தர வேலை விசாவாக மாற்றவும் முடியாது. ஒரு கம்பெனி விண்ணப்பத்திலிருந்து ஒப்பந்தம் வரை வர எனக்கு இரண்டு மாதம் எடுத்தது, இப்போதும் பெரிய மாற்றமில்லை. அப்படிப் பார்த்தால் ஒரு வருடம் கையில் மணல் மாதிரி. கடன் வாங்கி வருவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலில் ஓர் ஈழத்து அக்கா எனக்குப் பழக்கம். எண்பதுகளில் கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் வந்து அகதியாகப் பதிந்தவர்களில் ஒருவர். ஆங்கிலமும் இல்லை, ஜெர்மனும் இல்லை. ஹோட்டல் சமையலறையில் தொடங்கி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக ஓய்வு பெற்றார். எனக்கு வேலை கிடைத்த வாரம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். "நல்லது பிள்ளை. ஆனா இங்கிலீசோட கடைசி மட்டும் இருக்க ஏலாது, டொச் படியுங்கோ" என்றார். டொச் என்றால் ஜெர்மன். கொஞ்சம் கோபம்தான் வந்தது. மறு வருடமே கம்பெனி செலவைக் குறைத்தபோது முதலில் போனது என்னைப் போல ஒரே ஒரு வேலைக்குப் பொருந்தியவர்கள்தான். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாதது அதிர்ஷ்டம். அந்த மாதமே மாலை வகுப்பில் சேர்ந்தேன். 2022இல் பி1 முடித்து வேறு வேலைக்கு மாறினேன். இப்போது மானுங் வந்தால் பதில் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, பி1 வரை ஊரிலேயே முடித்துவிடப் பாருங்கள். ஏ2வுக்கே ஒரு புள்ளி, பி1க்கு இரண்டு.

இன்னொன்று அனுபவக் கடிதம். நம் ஊரில் தேதியும் பதவியும் போட்டு, "நன்னடத்தை உடையவர்" என்று முடித்துவிடுவார்கள். இங்கே முதலாளி தரும் கடிதத்துக்கு 'ஆர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ்' என்று பெயர், அது ஒரு சங்கேத மொழி. "எப்போதும் முழு முழுத் திருப்தியோடு" என்றால் மிகச் சிறப்பு. "முயற்சி செய்தார்" என்றால் உருப்படவில்லை என்று அர்த்தம். என் பழைய சென்னைக் கடிதத்தில் "சின்சியராக முயன்றவர்" என்று இருந்ததைப் பார்த்து ஒரு எச்ஆர் புருவத்தைத் தூக்கியது இன்றும் நினைவிருக்கிறது. நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாக, நல்ல சொற்களில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

அப்புறம், டிசம்பர் நடுவில் வந்து இறங்காதீர்கள். ஜனவரி இரண்டாம் வாரம் வரை இங்கே ஒருவரும் மெயிலைத் திறக்க மாட்டார்கள், வாடகை மட்டும் ஓடும்.